இறக்கி வைக்காத மண்

ஈச்சன்விளை மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில் மூன்று பெண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு மணல்கடிகாரத்தின் வாயிலிருந்து ஈர்க்குச்சியை உருவிய அந்தச் சாயங்காலம், ஊருக்கு வந்துகொண்டிருந்த மினிபஸ் வந்து சேரவில்லை, பால் வண்டி வந்து சேரவில்லை, கூடு திரும்பும் காக்கைகள்கூட வந்து சேரவில்லை. எல்லாம் வந்துகொண்டே இருந்தன.

ஈர்க்குச்சியை உருவியவள் சுயம்புக்கனி. பிளஸ் டூ படிக்கிறாள். ஒல்லிப் பிள்ளை, பேச்சு குறைவு, ஆனால் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் சோறு தண்ணி மறந்துபோகும். அப்போது அவள் இறங்கியிருந்தது திருநெல்வேலியில் ஒரு பொறியியல் கல்லூரி நடத்தும் தொடர்வினை இயந்திரப் போட்டியில். ஒன்று தட்ட இன்னொன்று விழ, அது விழ வேறொன்று உருள, உருண்டது போய் மற்றொன்றை இழுக்க என்று நீண்டு போகும் இயந்திரம். எத்தனை கண்ணி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஓடத் தொடங்கிய பிறகு யார் கையும் படக்கூடாது. நடுவில் கட்டாயம் ஒரு மணல்கடிகாரம் ஒரு நிமிடம் ஓடி முடிய வேண்டும். கடைசிக் கண்ணி ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒரு சொட்டு சிந்தக்கூடாது. ஜெயிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியிலேயே படிக்க இடம் என்று சொல்லியிருந்தார்கள், சுயம்புவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

தண்ணீர் ஊற்றும் கண்ணியை அவள் முதலிலேயே முடித்துவிட்டாள். கப்பி ஒன்றில் தொங்கும் பித்தளைச் சொம்பு, எலிப்பொறி தட்டியதும் மெல்லச் சரிந்து, நூல் பிடித்த மாதிரி தண்ணீரை டம்ளருக்குள் இறக்கும். எத்தனை சாய்வுக்கு எவ்வளவு தண்ணீர் என்று நாள் முழுக்கக் கையால் ஊற்றி ஊற்றிப் பார்த்து, கடைசியில் அவள் கைக்கே அந்த அளவு பழகிவிட்டது.

மக்கர் பண்ணியது மணல்தான். ஊருக்கு மேற்கே தேரி, செம்மணல் மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும் காடு. பஸ் வரும் ரோடே அதன் நடுவில்தான், காற்றுக் காலத்தில் மணல் மூடி ரோடு எது காடு எது என்று தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பாட்டில் மணலுக்கு மூன்று பேரும் அல்லாடினார்கள். கலர் சோடா குடித்த காலிப் பாட்டில்கள் இரண்டு. மேல் பாட்டிலைத் தலைகீழாக ஒரு சட்டத்தில் கட்டி, மூடியில் கோணி ஊசியைச் சூடு காட்டித் துளை போட்டிருந்தார்கள். கீழ்ப் பாட்டில் ஒரு பலகையின் நுனியில் உட்கார்ந்திருக்கும். மணல் விழுந்து கனம் ஏறப் பலகை சாய்ந்து அடுத்த கோலியை உருட்டிவிடும். துளையை அடைக்க ஓர் ஈர்க்குச்சி. சொல்ல இவ்வளவுதான். ஆனால் தேரி மணல் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டுத் துளையில் வந்து கட்டிக்கொண்டது, சலித்தால் தூசாகப் பறந்தது, வறுத்தால் ஒரேயடியாகக் கொட்டியது.

“வறுத்தாச்சு, சலிச்சாச்சு. இனி தாளிச்சுக் கொட்ட வேண்டியதுதான் பாக்கி” என்றாள் ஜெனிட்டா. கூட இருந்த முத்துமாலை சிரித்தாள். சுயம்பு சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த நேரத்தில் வீட்டு அடுக்களை விட்டத்தில் தொங்கும் கண்ணாடிப் புட்டி நினைவுக்கு வந்துவிட்டது.

அந்தப் புட்டிக்குள் இருந்தது பிடிமண். வேறூரில் குடியேறுகிறவர்கள் குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, குடியேறிய இடத்தில் இறக்கி வைத்துப் பீடம் போடுவார்கள். எடுத்த மண்ணை வழியில் தரையில் வைக்கக்கூடாது. எங்கே இறக்கினார்களோ அதுதான் பிறகு சாமிக்கும் ஊர், ஆளுக்கும் ஊர். சுயம்புவின் அப்பா ஆதிலிங்கம் உப்பு லாரி ஓட்டுகிறவர். பிறந்த ஊரில் கோயில் கொடைவிழா அன்றைக்கு அண்ணன் தம்பிகளோடு முட்டிக்கொண்டு, ஒரு பிடிக்குப் பதில் ஒரு துண்டு நிறைய மண்ணை வாரிக்கட்டிக்கொண்டு பெண்டாட்டியோடு ஈச்சன்விளைக்கு வந்தவர். வந்தவர் இறக்கவில்லை. ஆடி கழியட்டும், தை பிறக்கட்டும், கையில் நாலு காசு சேரட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே போனார். புட்டி விட்டத்தில் தொங்கியபடி இருக்க, மூத்தவன் லிங்கதுரை பிறந்து வளர்ந்து மஸ்கட்டுக்கு வேலைக்கும் போய்விட்டான், இளையவள் சுயம்பு பிளஸ் டூவுக்கும் வந்துவிட்டாள்.

இத்தனை வருசமும் அடுப்புச் சூட்டில் காய்ந்த மண். எடுக்கக்கூடாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு சட்டத்தை அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டாள்: தரையில் வைக்கக்கூடாது என்றுதானே பேச்சு, நான் புட்டியிலிருந்து பாட்டிலுக்கு மாற்றுகிறேன், அது அந்தப் பாட்டிலிலிருந்து இந்தப் பாட்டிலுக்கு விழப்போகிறது, இதில் தரை எங்கே வந்தது. கேட்க ஆளும் இல்லை. அப்பா திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அம்மா அவர் பக்கத்தில் இருந்தாள்.

ஈர்க்குச்சியை உருவியதும் மண் விழுந்தது, முறியாமல் விலகாமல் ஒரே இழையாக விழுந்தது, மூன்று பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகுதான் முத்துமாலை சொன்னாள், மேலே குறையவில்லை என்று. கீழேயும் நிறையவில்லை. மண் விழுந்துகொண்டே இருந்தது, சேரவில்லை. பலகை இம்மியும் சாயவில்லை. இயற்பியல் சொல்லித்தரும் ஞானதீபம் டீச்சர் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். “ஒரு நிமிசத்துல முடியணும்னு போட்டுருக்கான். இது முடியவே முடியாது போலிருக்கே. மண்ண மாத்துங்க” என்று சொல்லிவிட்டு, வராத மினிபஸ்ஸுக்காகப் பள்ளி வாசலில் போய் நின்றாள். பொழுது சாய்ந்து வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டியதும் சுயம்பு துளையில் குச்சியைச் செருகினாள். செருகினதுதான் தாமதம், மினிபஸ்ஸும் பால் வண்டியும் நாலைந்து பைக்கும் கறிவேப்பிலைக்காரனும் பெரிய காக்கைக் கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று இடிக்காத குறையாக ஊருக்குள் வந்து விழுந்தன.

“அதே பனைமரத்தத் திரும்பத் திரும்பத் தாண்டுதேன்வே. டீசல் போச்சு, தலையும் கிறுகிறுத்துப் போச்சு” என்று டிரைவர் டீக்கடையில் கத்தினார். டீக்கடைக்காரர் தவசிக்கண் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை, பால் ஏன் தாமதம் என்று சண்டைக்குப் போனார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பார்த்து ஊர் காரணத்தைப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மண் ஓடினால் ஊருக்குக் கிளம்பியவர் எவரும் வந்து சேர மாட்டார். போகிறவர் போகலாம், வருகிறவர் வந்துகொண்டுதான் இருப்பார். எப்படி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கரண்டு போவதற்குக் காரணம் கேட்கிறோமா என்றார்கள். கேட்டதெல்லாம் எப்போது ஓடும் என்பதைத்தான். பஞ்சாயத்தின் ஒலிபெருக்கியில், இன்று மாலை மண் ஓடும், வெளியூர் போனவர்கள் முன்கூட்டியே வந்து சேருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அப்புறம் ஆளாளுக்கு ஆய்வக வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். பிடிக்காத இடத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். மாமியார் மாதக்கணக்கில் தங்க வருகிறாள் என்று ஒருத்தி பலகாரத்தோடு வந்தாள். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தலைமையாசிரியையே வந்து, “கொஞ்சம் திறந்து விடுட்டி, கணக்கு வாத்தியார் இன்னும் பாடக்குறிப்பு எழுதல” என்று கெஞ்சினாள். சுயம்புவுக்கு எரிச்சலாக வந்தது. போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது, கடிகாரம் கடிகாரமாகவில்லை, ஊரோ அதை ஒரு வாசற்கதவாக ஆக்கிவிட்டது.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அந்த எரிச்சலும் அவளுக்கு மறந்துபோயிற்று. இனி இங்கே வைத்துப் பிரயோசனமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு அம்மா பூரணக்கனி கட்டின சேலையோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தாள். ஆய்வகத்துக்குள் நுழைந்து மேல் பாட்டிலைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“இது நம்ம புட்டி மண்ணுல்லா?”

சுயம்பு தலையைக் குனிந்துகொண்டாள். அடி விழும் என்று எதிர்பார்த்தாள்.

“எறக்கி வைக்காத மண்ணுட்டி. அது எப்படிக் கீழ சேரும்?” என்றாள் அம்மா. அடிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். “வழியில ஊரெல்லாம் சொன்னாவ. இது ஓடுனா வாரது எதுவும் வந்து சேராதாம்லா. வீட்டுக்குத் தூக்கிட்டு வா. கட்டிலுக்குப் பக்கத்துல வச்சு ஓட விடு.”

“அம்மா, அது...”

“அப்பாவுக்கு வரவேண்டியது வரக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

மூன்று பிள்ளைகளும் சட்டத்தோடு கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு தெரு வழியே நடந்தார்கள். தெருவில் இருந்தவர்கள் அவரவர் வாசலில் எழுந்து நின்றார்கள். கட்டிலுக்கு அருகில் வைத்துக் குச்சியை உருவினாள் சுயம்பு. மண் விழத் தொடங்கியது. ஆதிலிங்கத்தின் மூச்சு எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் நின்றது, ஏறவுமில்லை இறங்கவுமில்லை.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. பால் வராததால் தவசிக்கண் கடையில் கட்டங்காப்பி மட்டும் போட்டார், குடித்தவர்கள் முகம் சுளிக்காமல் குடித்தார்கள். காய்கறி வராததால் முருங்கைக் கீரையும் கருவாடுமாக வீடுகள் மணத்தன. பேப்பர் வராததால் பழைய பேப்பரையே ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டி, அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா என்று இட்டுக்கட்டிக்கொண்டார்கள். தண்ணீர் லாரி வராததால் குடங்களை எடுத்துக்கொண்டு பெண்கள் பழைய கிணற்றுக்குப் போனார்கள். உப்புத் தண்ணீர்தான், ஆனாலும் ஒரு மனிதனின் மூச்சு ஓடுகிறதே என்று பொறுத்தார்கள். மண் நிற்காமல் ஓடியது. வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை, கதவை அடித்துச் சாத்தவில்லை, பாட்டில் பக்கம் போகும்போது காற்றுப் படாமல் ஒதுங்கிப் போனார்கள்.

ஆதிலிங்கத்துக்குத்தான் பொறுக்கவில்லை. “மக்கா” என்று மெல்லிய குரலில் கூப்பிட்டு அவர் சுயம்புவிடம் சொன்னார்: “லாரிய ஸ்டார்ட்லயே போட்டு நிறுத்துன மாரி இருக்குட்டி. எஞ்சினும் அணைய மாட்டேங்கு, வண்டியும் நகர மாட்டேங்கு. வலி வந்த எடத்துலயே நிக்கி.” சுயம்பு அவர் காலைப் பிடித்துவிட்டாள். வலி போகவில்லை. போக வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும்.

பிறகுதான் லிங்கதுரையின் போன் வந்தது. அப்பா நிலைமை கேட்டு லீவு சொல்லி, திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் மாறிப் பஸ் மாறி வந்தவன், தேரியில் பஸ் அதே பனைமரத்தைச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தான். நடந்துகொண்டே இருந்தான்.

“ஏட்டி, ஊரு கண்ணுக்குத் தெரியுது. நம்ம கோயில் கோபுரம் தெரியுது. நடக்கேன் நடக்கேன், கிட்ட வர மாட்டேங்கு. அப்பா எப்படி இருக்காவ?”

சுயம்பு மொட்டை மாடிக்கு ஓடினாள். மேற்கே செம்மணலில் ஒரு சிறு கூட்டம் ஊரை நோக்கி நடந்துகொண்டிருந்தது. நடப்பது தெரிந்தது, நெருங்குவது தெரியவில்லை. தலையில் பெரிய அட்டைப்பெட்டியோடு முன்னால் வருவது அண்ணன்தான்.  மண் ஓடும் வரை அண்ணன் வர மாட்டான். மண் நின்றால் அண்ணன் வருவான், அண்ணனோடு மற்றதும் வரும். இந்தக் கணக்கை அம்மா போடவில்லை, ஊரும் போடவில்லை, இயந்திரம் கட்டுகிறவளாகிய அவளும் போடவில்லையே என்று தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

“அப்பா இருக்காவ. நீ வா” என்றாள்.

“நான் வாரேன். கூட ஒரு அண்ணாச்சியும் வாராவ. நல்ல மனுசன், வழியெல்லாம் பேச்சுத்துணை. அவங்களும் நம்ம வீட்டுக்குத்தான் வாராவளாம். அப்பாவ நல்லாத் தெரியுமாம்.”

“யாரு அண்ணே?”

“பேர் கேக்கல. வெள்ளச்சட்டை, கறுப்புக் குடை. கையில ஒரு பையி கூட இல்ல.”

அவள் அண்ணனுக்குப் பக்கத்தில் குடைபிடித்து நடக்கும் உருவத்தை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கீழே இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

“ஒரு தடவ எட்டயபுரம் ரோட்டுல எங்கூட லாரியில ஏறியிருக்காரு. டயர் வெடிச்சு வண்டி பள்ளத்துல எறங்குன அன்னைக்கு. பாதியில எறங்கி, பெறவு பாப்போம் டிரைவரேன்னு சொல்லிட்டுப் போனாரு. மரியாதையான ஆளு” என்றார். பிறகு, “ரெண்டு பேரும் ஒண்ணாவா நடந்து வாராவ?” என்று கேட்டார். அவர் கண் ஓரத்தில் தண்ணீர் நின்றது. “மக்கா, அவன ஒரு தடவ பாக்கணும். அவன் கைய புடிச்சுக்கிட்டு இந்த மண்ண எறக்கணும். எறக்கி வச்சா இதுதான் ஊருன்னு ஆயிருமேன்னு பயந்துக்கிட்டே இருந்துட்டேன். என்னைக்காவது அண்ணன் தம்பி கூப்பிடுவானுவ, இத அப்படியே திருப்பிக் கொண்டுபோயிரலாம்னு நெனச்சேன். யாரும் கூப்பிடல. நான் பொறந்த ஊர்லயும் இல்ல, இந்த ஊர்லயும் இல்ல, வழியிலயே இருந்துட்டேன்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் பாட்டில் பக்கம் யாரையும் விடவில்லை. “நிறுத்துனா அவரும் வருவாரு. முதல்ல யாரு வருவான்னு உனக்குத் தெரியுமா?” என்று மகளிடம் கேட்டாள். தெரியாது என்பதுதான் உண்மை. போகும் வழியில் டீச்சர் எட்டிப்பார்த்து, போட்டிக்குக் கூட்டிப்போகும் வேன் வரவேண்டும், மண் ஓடினால் அதுவும் வராதே என்று சொல்ல வாயெடுத்து, கட்டிலைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனாள்.

சுயம்பு அன்று பகல் முழுக்க மொட்டை மாடியில் உட்கார்ந்து தேரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனிட்டாவும் முத்துமாலையும் வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். இரண்டு கோலிகள் ஒரே சரிவில் பக்கம் பக்கமாக உருளும்போது எது முதலில் வரும் என்ற கேள்வி அவர்களுக்குப் புதிதில்லை. இயந்திரத்தில் அதே தொல்லைக்காக ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

“பிந்தி வரவேண்டிய கோலிக்கு என்ன பண்ணுனோம்?” என்றாள் சுயம்பு.

“ஒரு வண்டிய இழுக்க வச்சோம்” என்றாள் ஜெனிட்டா. “பாரம் கட்டுனா பிந்தித்தான் வரும்.” சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது, சிலுவை போட்டுக்கொண்டாள்.

சுயம்பு அண்ணனுக்குப் போன் போட்டாள். “அண்ணே, உன் பெட்டிய அவங்ககிட்டக் கொடு.”

“என்னட்டி பேசுத? எவ்வளவு பெரிய மனுசன்! அவங்ககிட்டப் போயிச் சுமையக் கொடுக்கச் சொல்லுதியே.”

“கழுத்து வலிக்குன்னு சொல்லு. அவங்க வாங்கிக்கிடுவாவ. நம்ம வீட்டுக்கு வாரவங்க, மாட்டேன்னு சொல்ல மாட்டாவ. கொடுத்துட்டு, கால்ல இருக்க செருப்பக் கழத்திப் போட்டுட்டு, நான் சொன்னதும் ஓடி வா. திரும்பிப் பாக்காத.”

 அண்ணன் ஒரு நொடியில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் குரல் மாறியிருந்தது. “சரி” என்றான். பிறகு யாரிடமோ பணிவாகப் பேசினான். மொட்டை மாடியிலிருந்து பார்த்தபோது, அட்டைப்பெட்டி ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறியது. குடை மடங்கித் தோளில் தொங்கியது. மஸ்கட்டிலிருந்து மிக்ஸியும் போர்வையும் பால்பவுடரும் பேரீச்சையும் திணித்துக் கயிறு கட்டிய பெட்டி. வெள்ளைச்சட்டைக்காரர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் மணலுக்குள் கணுக்கால் வரை இறங்கினார்.

சுயம்பு கீழே வந்தாள். அம்மா பாட்டிலுக்கு முன்னால் நின்றாள். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.  மகள் குச்சியை அம்மாவின் கையில் கொடுத்தாள். பூரணக்கனி கட்டிலைப் பார்த்தாள், புருசனின் முகத்தில் நின்றுபோன வலியைப் பார்த்தாள், அப்புறம் தானே குனிந்து துளையில் ஈர்க்கைச் செருகினாள்.

“அண்ணே, ஓடியா!” என்று சுயம்பு போனில் கூவினாள்.

மாடியிலிருந்து முத்துமாலை கத்தினாள்: “வாராவ! வாராவ! அண்ணன் ஓடி வாராவ!” ஊரே வாசலுக்கு வந்துவிட்டது. லிங்கதுரை தேரி மேட்டிலிருந்து சறுக்கி விழுந்து, எழுந்து, வெறுங்காலோடு ரோட்டைத் தாண்டி, தவசிக்கண் கடையைத் தாண்டி, சட்டை பட்டன் அறுந்து தொங்க வீட்டுக்குள் பாய்ந்தான். அப்பா என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று சுயம்பு கேட்கவில்லை. பாட்டிலைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து அப்பாவின் நெஞ்சில் அணைத்து வைத்தாள். அண்ணன் அவரைக் குழந்தையைப்போல் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டான். அம்மா கடப்பாரையோடு முன்னால் ஓடினாள். மூன்று பேரும் பின்வாசல் வழியாகப் முந்திரி காய்க்கும் கொல்லாமரத்தடிக்குப் போனார்கள்.

அவர்களோடு போக அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் குழி தோண்ட வேண்டும், அப்பாவை உட்காரவைக்க வேண்டும், மண்ணை அவர் கையால் எடுக்க வேண்டும். இயந்திரத்தில் இன்னும் ஒரு கண்ணி பாக்கி இருந்தது. அவள் அடுக்களைக்குள் போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு முன்வாசலில் வந்து நின்றாள்.

அவர் தெருமுனையில் திரும்பினார். தலையில் பெட்டி, வெள்ளைச்சட்டை முழுக்க வியர்வை, வேட்டியில் முழங்கால் வரை செம்மண். தெருவில் நின்ற ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவரும் இரண்டு பக்கமும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே வந்தார். வாசலில் பெட்டியைப் பதனமாக இறக்கி வைத்தார். படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“ஆதிலிங்கம் டிரைவர் வீடு இதானம்மா?”

“ஆமா.”

“பையன் முன்னால ஓடி வந்துட்டாப்ல. பெட்டி நல்ல கனம்.”

“தூரத்துல இருந்து வந்துருக்கீங்க. தண்ணி குடிச்சுட்டுப் போங்க” என்றாள் சுயம்பு. அவளுக்குத் தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

அந்த ஊரில் தண்ணீர் வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை. அவரும் சொல்லவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு குனிந்தார். சுயம்பு சொம்பைச் சாய்த்தாள். நாள் முழுக்க ஊற்றி ஊற்றிப் பழகிய கை, எவ்வளவு சாய்த்தால் நூல்போல இறங்கும் என்று தெரிந்த கை. தண்ணீர் ஒற்றை இழையாக, முறியாமல் விலகாமல் அவர் கைக்குள் இறங்கியது. அவர் குடித்தார். அவசரப்படவில்லை. அவள் ஏன் இவ்வளவு மெல்ல ஊற்றுகிறாள் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும், ஆனாலும் குவித்த கையை விலக்கவில்லை.

பின்னால் கடப்பாரைச் சத்தம் கேட்டது, இரண்டு தடவை, மூன்று தடவை. நின்றது. அண்ணன் ஏதோ சொன்னான். அப்பா சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. சொம்பு பாதியானது. பாதிக்கும் கீழே போனது. அவள் இன்னும் கொஞ்சம் மெலிதாகச் சாய்த்தாள், அவள் செய்த எந்தக் கடிகாரத்தின் துளையைவிடவும் மெலிதாக. கை வலித்தது, கண் மறைத்தது, துடைக்க முடியவில்லை. துடைத்தால் இழை அறுந்துவிடும். அழுதுகொண்டே ஊற்றினாள். எறங்கு, எறங்கு, எறங்கு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே ஊற்றினாள்.

சொம்பில் கடைசித் தண்ணீர் திரண்டபோது கொல்லாமரத்தடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, ஊருக்கே கேட்கும்படி வந்தது: “எறக்கியாச்சு! சாமி எறங்கியாச்சு!” அதற்குப் பிறகு அவள் குலவையிட்டாள், அழுகையும் அதற்குள்ளேயே இருந்தது.

அவர் கையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். “போதும் தாயி” என்றார். படியில் ஒரு சொட்டு சிந்தியிருக்கவில்லை. எழுந்து, காலில் ஒட்டியிருந்த செம்மணலைத் தட்டிவிட்டு, குடையை வாசல் மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, வீட்டுக்குத் தெரிந்த மனிதர் போவதுபோல உள்ளே போனார்.

சுயம்பு காலிச் சொம்போடு வாசலிலேயே நின்றாள். தேரிப் பக்கத்திலிருந்து மினிபஸ் ஹாரன் கேட்டது, பால் வண்டியின் மணி கேட்டது, தண்ணீர் லாரி உறுமிக்கொண்டு மேடேறுவது கேட்டது, அதற்குப் பின்னால் போட்டிக்குப் போகும் வேன் யாரையோ கூப்பிடுவதுபோல் விட்டுவிட்டு ஹாரன் அடித்தது. காக்கைகள் கொல்லாமரத்துக்கு வந்து இறங்கின. எல்லாம் வந்து சேர்ந்தன.